நான்காவது பெயர்

...கிடைத்துவிட்டதாம், முப்பத்தோரு வருஷம் எலிக்கும் ஈரத்துக்கும் தப்பி எங்கேயோ கிடந்த அந்த ஒலிநாடா, பழைய வானொலி நிலையத்தைக் காலி செய்தபோது ஓர் இரும்பு பீரோவின் அடித்தட்டில் இருந்ததாம், தூசி தட்டி, சுத்தம் பண்ணி, கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டதாம், குரல் அப்படியே பளிங்கு மாதிரி இருக்குக்கா, இன்னைக்கு ஷோவுல போடறோம், உங்ககிட்ட சொல்லாம சர்ப்ரைஸா வெச்சிருக்கலாம்னுதான் டைரக்டர் சொன்னாரு, எனக்குத்தான் மனசு கேட்கலை... என்று தொகுப்பாளினிப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஒப்பனைக் கண்ணாடியைச் சுற்றிலும் பல்புகள், அதற்கு நடுவே அவள் முகம், ஐம்பத்தெட்டு வயசு முகம், ஊரெல்லாம் செய்தி அக்கா, செய்தி அக்கா என்று கூப்பிடுகிற முகம், பாதி பூசியும் பாதி பூசாமலும். இருபது வருஷமாக அவளுக்குப் பவுடர் போடுகிற ஒப்பனைக்காரர், நெத்தியைச் சுருக்காதீங்கக்கா, கோடு விழுது என்றார். சுருக்கினேனா, எப்போது சுருக்கினேன்? சரி, இனிமேல் சுருக்கினால்தான் என்ன, சுருக்காவிட்டால்தான் என்ன, இதுதானே கடைசிப் பவுடர், இன்றைக்கு இந்த வழியனுப்பு நிகழ்ச்சியைப் பதிவு செய்து முடித்தால் அப்புறம் இந்த நாற்காலியில் வேறு யாரோ உட்காரப் போகிறார்கள். ஆனால் அந்த நாடா. கிடைக்கவே கிடைக்காது என்று நினைத்து எவ்வளவு நிம்மதியாக இருந்துவிட்டேன்.

கேட்டதே இல்லை, அதுதான் வேடிக்கை, நாடு முழுக்கக் கேட்ட செய்தியை வாசித்தவள் மட்டும் கேட்கவில்லை. அந்தச் செய்தியைப் பற்றித்தான் எத்தனை பேட்டி, எத்தனை மேடை. ஒவ்வொரு மேடையிலும் அதே கேள்வி, ஒவ்வொரு மேடையிலும் அதே பதில், மைக் முன்னாடி உட்கார்ந்துட்டா நான் யாருக்கும் அக்கா இல்லீங்க, நான் வெறும் செய்தி. சொன்னதும் கைதட்டல். ஒரு கல்லூரியில் அந்த வாக்கியத்தைப் பெரிசாக எழுதிச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள், திறந்து வைக்கக் கூப்பிட்டது அவளைத்தான், கயிற்றை இழுத்தாள், துணி விலகியது, தன்னுடைய பொய்யைத் தானே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். இல்லை, அன்றைக்கு எப்படி? அந்த மாணவிகள் எல்லாம் என்னைப் பார்த்த பார்வை... எதற்கும் ஒரு நாள் வேண்டுமே. இன்றைக்குத்தான் அந்த நாளா? அம்மா வேறு வந்திருக்கிறாள். எழுபத்தொன்பது வயசு, முட்டி மடங்காது, முன் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள், ஏசி ஒத்துக்காதென்று இவள்தான் ஒரு சால்வையையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அம்மாவை வைத்துக்கொண்டா?

அம்மாவை வைத்துக்கொண்டு என்றால்... எல்லாமே அம்மாவை வைத்துத்தானே ஆரம்பித்தது. பஸ் நிலையத்தில் காத்திருக்கும் கூடத்தையும் கழிப்பறைகளையும் கழுவித் துடைக்கிற வேலை அம்மாவுக்கு, அப்பா போன பிறகு கிடைத்தது, விடியற்காலை நாலரைக்கே போயாக வேண்டும், பிள்ளைகளை எங்கே விடுவாள், இரண்டையும் கையோடு இழுத்துக்கொண்டு போய் அறிவிப்பு அறையில் உட்கார வைத்துவிடுவாள். அறை என்று பேர்தான், தகரக் கூரை போட்ட ஒரு பெட்டி, ஒரு மேஜை, ஒரு மைக், ஒரு கால அட்டவணை, ஓயாமல் இருமுகிற ஓர் அறிவிப்பாளர். அவருக்கு இருமல் வந்தால் ஒரு பஸ் அறிவிப்பில்லாமலே போய்விடும். ஒருநாள் இருமிக்கொண்டே, நீ சொல்லு பாப்பா, என்று மைக்கை இந்தப் பக்கம் தள்ளினார், பதினாலு வயசு, அட்டவணையைப் பார்க்கவே இல்லை, மூன்று வருஷமாகக் காதில் விழுந்து விழுந்து எல்லாம் தலைகீழாகத் தெரியும், தடம் எண் நாற்பத்தேழு புறப்படத் தயாராக உள்ளது... வெளியே கழிப்பறை வாசலில் அம்மா வாளியோடு அப்படியே நின்றுவிட்டாளாம். நின்றது எனக்குத் தெரியாது, சுண்டுதான் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அக்கா, அம்மா அழுவுது. ஏன்டா? தெரியலை, ஆனா சிரிச்சுகிட்டே அழுவுது.

சுண்டு. நாலு வயசு சின்னவன். பிறக்கும்போதே சுண்டு விரல் பருமன்தான் இருந்தான் என்று யாரோ சொல்லி, அதுவே பேராகிவிட்டது, வீட்டில், தெருவில், பஸ் நிலையத்தில், டீக்கடையில், எல்லாருக்கும் அவன் சுண்டுதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறபோது தலைமையாசிரியர், சுண்டுன்னெல்லாம் எழுத முடியாதும்மா என்று சொல்லிவிட்டு அவராக ஒரு பேரை எழுதினார், அந்தப் பேரில் வகுப்புக்கு மூன்று பேர் இருப்பார்கள், பேர்ப் பதிவேட்டில் கூப்பிட்டால் சுண்டு கையே தூக்க மாட்டான், பக்கத்துப் பையன் இடிக்க வேண்டும், டேய் உன்னைத்தான்டா. அவனுக்கே அந்தப் பேர் ஒட்டவில்லை, எனக்கு எப்படி ஒட்டும்... இப்படித்தான், இப்படித்தான் முப்பத்தோரு வருஷமாக அவள் தனக்குத்தானே வக்கீலாக நின்று வாதாடிக்கொண்டிருக்கிறாள், நீதிபதியும் அவளே, தீர்ப்பு மட்டும் வருவதே இல்லை.

பேரை வெறும் சத்தமாக வாசிப்பது, பஸ் நிலையத்தில் கற்றுக்கொண்ட பழக்கம் அது. எந்த ஊருக்கும் போனதில்லை, எல்லா ஊர்ப் பேரும் வாயில், அந்த ஊர் எப்படி இருக்கும், கடல் இருக்குமா, மலை இருக்குமா என்று ஒரு நொடி நினைத்தால் போதும், நாக்கு அடுத்த பேரில் இடறும். அதனால் நினைப்பதை நிறுத்தினாள். பேர் என்பது வெறும் சத்தம், கண்ணில் விழுந்து வாயால் வெளியே போக வேண்டும், நடுவில் வேறு எங்கேயும் தங்கக் கூடாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே கண்டுபிடித்தாள், கண்டுபிடித்தது எவ்வளவு பெருமையாக இருந்தது! வானொலிக் குரல் தேர்வுக்குப் போனபோது மட்டும் அது போதவில்லை, முதல் தடவை படித்துவிட்டு நிமிர்ந்தால் தேர்வு செய்கிறவர் பேனாவை மூடிவிட்டு, ஏம்மா, செய்தியைக் கேக்கறவன் மூட்டையைத் தூக்கிகிட்டு ஓடி வந்து ஏறணுமா? என்றார். கடைசி எழுத்தை எல்லாம் பஸ் நிலையத்து இழுப்பு இழுத்திருக்கிறாள். வெளியே மரத்தடியில் காத்திருந்த சுண்டுவிடம் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், வீடு வரைக்கும் சிரித்தான், மறுநாள் காலையில் சிரிப்பை நிறுத்திவிட்டு அலாரம் கடிகாரத்தையும் பழைய பேப்பர் கட்டையும் தூக்கிக்கொண்டு வந்து எதிரே கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தான். படி. படித்தாள். நிறுத்து, அமைச்சர் புறப்படத் தயாரா இல்லைக்கா, அவரு ஆபீஸ்லதான் இருக்காரு, சாதாரணமா சொல்லு. ஏழு மாசம். இரண்டாவது தடவையும் தோல்வி, மூன்றாவது தடவை தேர்வானாள். அவள் முழுங்கின ஒவ்வொரு எழுத்துக்கும் அவன் ஒரு விரலைத் தூக்குவான், அவளுடைய முதல் நேயர் அவன்தான், ஒரே நேயர், அந்த வாளியில் உட்கார்ந்திருந்தவன்.

அக்கா, கண்ணை மூடுங்க, என்றார் ஒப்பனைக்காரர். மூடினாள். மூடினால் வானொலி நிலையத்து அந்த அறைதான் வருகிறது, எப்போது மூடினாலும் அந்த அறைதான், சுவரெல்லாம் துளை போட்ட அட்டை, மேஜை மேல் காகிதம் சரசரக்காமல் இருக்கக் கம்பளித் துணி, எதிரே கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், தலைக்கு மேல் சிவப்பு விளக்கு. வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது வருஷம். காலையில் காகித ஆலையில் கொதிகலன் வெடித்தது. இரண்டு மணிச் செய்தி பாதியில் போய்க்கொண்டிருக்கும்போது கதவு சத்தமில்லாமல் திறந்து ஒரு கை சீட்டை நீட்டியது, இறந்தவர்களில் இதுவரை அடையாளம் தெரிந்தவர்கள், பதினோரு பேர், பேரும் வயசும், கையால் எழுதினது. வாங்கினாள், வாசித்தாள். சுண்டு சைக்கிள் கடையில் அல்லவா இருக்கிறான், ஆலைக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு நாள் முன்னால் நிலையத்துக்கு போன் பண்ணியிருக்கிறான், வாயிற்காவலர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார், தம்பி பேசினான், நல்ல சேதியாம், நேர்ல சொல்றானாம். ஷிப்ட் மேல் ஷிப்ட், நிலையத்திலேயே படுக்கை, வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாகியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை போனால் கேட்டுக்கலாம் என்று அந்தக் காகிதத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நல்ல சேதி. ஆலையில் வேலை கிடைத்துவிட்டது என்பதுதான் நல்ல சேதி.

ஏழாவது பேர் கொஞ்சம் கரடுமுரடு, மூன்று மெய்யெழுத்து முட்டிக்கொண்டு நிற்கும், அதற்காக ஆறாவது பேரிலேயே மூச்சைச் சேர்த்துக்கொண்டாள், நன்றாக நினைவிருக்கிறது. நான்காவது பேர் நினைவில்லை. செய்தி முடிந்து சிவப்பு விளக்கு அணைந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்து, ஏழாவது பேருல நாக்கு புரண்டுச்சா? என்று கேட்டாள். இல்லை என்று ஒலிப்பதிவாளர் கையை ஆட்டினார். கேண்டீனுக்குப் போனாள், டீ வாங்கினாள், பாதி குடித்திருப்பாள், உங்களுக்கு போன் என்றார்கள். வீட்டுக்கு எதிர்க்கடைக்காரர். அம்மா விழுந்துட்டாங்கம்மா, நீ சீக்கிரம் வா. ஏன், என்ன ஆச்சு? என்னம்மா என்னைக் கேக்கறே, நீதானேம்மா சொன்னே, நாங்க எல்லாரும் உன் வாயாலதானே கேட்டோம்... எதை? என்று கேட்டாள். எதை என்று கேட்டாள்! ஓடினாள், வீட்டுக்கு அல்ல, அந்த அறைக்கு, கம்பளித் துணி மேல் சீட்டு வைத்த இடத்திலேயே இருந்தது, எடுத்து அப்போதுதான் அதை முதல் தடவையாகப் படித்தாள்.

போன வருஷம் அந்த ஒலிப்பதிவாளர் படுக்கையில் கிடந்தபோது பார்க்கப் போனாள், அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும், ஒருத்தரிடமும் மூச்சு விட்டதில்லை. ஆளை அடையாளம் தெரியாது, பேசி ஒரு வாரமாச்சு என்றாள் அவர் மனைவி. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கப் போகும்போது கண்ணைத் திறந்தார், ஏழாவது பேரு சரியாத்தான்மா இருந்துச்சு என்றார். அவ்வளவுதான். மன்னித்தாரா, குத்திக் காட்டினாரா? முப்பது வருஷமாக அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாரா? கேட்க முடியவில்லை, மறுநாள் போய்விட்டார்.

முடிஞ்சுதுக்கா, என்றார் ஒப்பனைக்காரர், கழுத்தில் சுற்றியிருந்த துணியை உதறி எடுத்தார். எழுந்தாள். ஸ்டுடியோ வரைக்கும் நீளமான நடைவழி, இரண்டு பக்கச் சுவரிலும் படங்கள், முக்கால்வாசி அவளுடைய படங்கள்தான், முதல் தொலைக்காட்சிச் செய்தி, முதல் வண்ண ஒளிபரப்பு, தேர்தல் நாளில் பதினெட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது, விருது, இன்னொரு விருது. அழகு நிலையங்களில் செய்தி அக்கா கொண்டை வேணும் என்று பெண்கள் கேட்டார்களாம் ஒரு காலத்தில். எல்லாப் படத்துக்கும் அஸ்திவாரம் சுண்டு போன மூன்றாம் நாள் வந்த பேப்பர்தான். தம்பி மறைந்த செய்தியைத் தடுமாறாமல் வாசித்த அக்கா. யார் சொல்லியிருப்பார்கள்? நிலைய இயக்குநராகத்தான் இருக்கும், நிலையத்துக்கும் நல்ல பேர்தானே. வீடு நிறைய ஆட்கள், யார் யாரோ வந்து கையைப் பிடித்துக்கொண்டு, என்ன மனசும்மா உனக்கு, கல்லு மாதிரி உட்கார்ந்து படிச்சியே என்றார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பொய் என்று ஒன்று அவள் முதலில் சொல்லவே இல்லை, குனிந்தாள், அவ்வளவுதான், அந்தக் குனிவைப் பார்த்து, அடக்கத்தைப் பாரேன் என்றார்கள். அடுத்த வருஷம் தொலைக்காட்சி வந்தது, ஆள் எடுக்கிறபோது, அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க, தம்பி செய்தியைப் படிச்சாளே அந்தப் பொண்ணு என்றுதான் கூப்பிட்டார்கள். சுண்டுதான் கூட்டிக்கொண்டு போனான், உயிரோடு இருந்தபோது வானொலிக்கு, செத்த பிறகு தொலைக்காட்சிக்கு. அம்மா? அம்மா ஒன்றுமே கேட்கவில்லை. அன்றைக்கு வாசலில் போய் நின்றதும், வந்துட்டியா என்றாள். அப்புறம், கையைக் காலைக் கழுவிட்டு வா என்றாள். இத்தனை வருஷத்தில் அந்தச் செய்தியைப் பற்றி அம்மாவும் அவளும் ஒரு சொல் பேசியதில்லை.

ஸ்டுடியோ குளிராக இருந்தது. இருநூறு பேர், அவள் நுழைந்ததும் எழுந்து நின்று தட்டினார்கள், அம்மா எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தட்டினாள், மடியில் கைப்பை, தோளில் சால்வை. சோபாவில் உட்கார்ந்தாள். தொகுப்பாளினிப் பெண் நன்றாகத்தான் கேட்டாள், பஸ் நிலையத்தைப் பற்றிக் கேட்டாள், புறப்படத் தயாராக உள்ளது என்று பழைய இழுப்போடு ஒரு தடவை சொல்லச் சொன்னாள், சொன்னதும் ஒரே சிரிப்பு. அப்புறம் விளக்குகள் மெல்ல இறங்கின, அக்கா, இப்ப ஒரு குரலைக் கேட்கப் போறோம் என்றாள். கேட்டது. யாருடைய குரல் இது, இருபத்தேழு வயசுக் குரல், ஈரமே இல்லாமல், சுத்தமாக, காகித ஆலையில் இன்று காலை... அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், இருக்கும், ஏதாவது இருக்கும், ஒரு சின்ன இடறல், ஒரு நூலிழைத் தயக்கம், எனக்கே தெரியாமல் எனக்குள் யாருக்காவது தெரிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் ரத்தத்துக்குத் தெரியாமலா போகும், இத்தனை வருஷம் நாடா கிடைக்கக் கூடாது என்று நினைத்ததற்கு அடியில் இந்த ஓர் ஆசைதானே ஒளிந்துகொண்டிருந்தது... நான்காவது பேர் வந்தது, போனது. வழுக்கிக்கொண்டு போனது. முன்னால் போன மூன்றுக்கும் அதற்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. வயது இருபத்து மூன்று. அரங்கம் எழுந்து நின்று தட்டியது. தொகுப்பாளினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அந்தப் பேரைப் படிக்கிறப்ப உங்க மனசுல என்னக்கா ஓடுச்சு?

ஒண்ணும் ஓடலைம்மா.

கடமைதான் முன்னாடி நின்னுச்சு இல்லையாக்கா? இல்லம்மா, என்றாள் அவள், குரல் எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை, ஆனால் நடுங்காமல் வந்தது, எப்போதும் நடுங்காத குரல், சனியன், இன்றைக்காவது நடுங்கித் தொலையக் கூடாதா. நான் கவனிக்கலை. அது என் தம்பி பேருன்னு எனக்குத் தெரியலை. பேரைப் பார்த்தேன், படிச்சேன், அடுத்த பேருக்குப் போயிட்டேன், அப்புறம் போய் டீ குடிச்சேன். இவ்வளவு நாளா நான் சொன்னதெல்லாம் பொய்... யாரோ நாற்காலியில் அசைந்தார்கள், யாரோ, பாவம், அந்த நினைப்புல குழம்பிட்டாங்க என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது இருட்டில் தெளிவாகக் கேட்டது. கட், என்று ஒரு சத்தம். டைரக்டர் ஓடி வந்தார், நல்ல மனிதர்தான், கையில் தண்ணீர் பாட்டிலோடு குனிந்து, உணர்ச்சிவசப்பட்டுட்டீங்கக்கா, புரியுது, யாருக்குத்தான் இருக்காது, தண்ணி குடிங்க, அந்தக் கேள்வியிலேர்ந்து இன்னொரு தடவை போயிடலாம், கைதட்டல் வரைக்கும் அருமையா வந்திருக்கு, டேப்பை மறுபடி போட வேண்டாம். நான் சொன்னது உண்மைங்க, என்றாள். சரிக்கா, சரிக்கா, என்றார் அவர், காய்ச்சல்காரியிடம் பேசுகிற குரலில்.

முன் வரிசையிலிருந்து அம்மா கையை ஆட்டினாள். இறங்கிப் போய் அம்மாவின் நாற்காலி அருகே குந்தினாள், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள். எதுக்குடி இப்ப? என்றாள் அம்மா. உண்மைம்மா, நான் அன்னைக்கு... எனக்குத் தெரியாதா, என்றாள் அம்மா. என்ன தெரியும்? அம்மா சால்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். எதிர்க்கடையில நின்னு கேட்டுகிட்டிருந்தேன்ல. அவன் கீழ விழுந்தாலே உனக்கு மூச்சு நிக்கும், சின்ன வயசுலேர்ந்து பார்க்கறேன். தெரிஞ்சிருந்தா நீ அந்தப் பேரைத் தாண்டிப் போயிருக்க மாட்டே. உனக்குத் தெரியலைன்னு எனக்கு அந்த நிமிஷமே தெரியும். அப்ப பேப்பர்ல... என்று இழுத்தாள் அவள். அந்தப் பேப்பர்காரர் வந்து கேட்டப்ப நான்தான் சொன்னேன், தெரிஞ்சுதான் படிச்சா, கல்லு மாதிரி உட்கார்ந்து படிச்சான்னு. என்னைக் காப்பாத்தவாம்மா? அம்மா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள், பஸ் நிலையத்தில் கேட்கக் கூடாததைக் கேட்டால் பார்ப்பாளே அந்தப் பார்வை. உன்னை எதுக்குக் காப்பாத்தணும், நீதான் உசுரோட இருந்தியே. அவனுக்காகச் சொன்னேன். பதினோரு பேரைக் கடகடன்னு படிச்சாங்க, அதுல ஒருத்தனா அவனும் போயிட்டான்னு இருக்கக் கூடாதில்ல. அவனைத் தெரிஞ்ச ஒருத்தி, தெரிஞ்சே, அவன் பேரைச் சொல்லி அனுப்பி வெச்சான்னாவது இருக்கட்டும்னு... அம்மா நிறுத்தினாள், மூக்கைச் சால்வையில் துடைத்தாள். அதைப் போய் இவ்வளவு பேரு முன்னாடி பிடுங்கிப் போடறியே.

அக்கா, ரெடியாக்கா? என்றார்கள். எழுந்தாள், முட்டி வலித்தது, எப்படி மேடை ஏறினாள், எப்படி உட்கார்ந்தாள், ஒப்பனைக்காரர் வந்து கன்னத்தில் எதையோ ஒற்றிவிட்டுப் போனார், பேசவில்லை, அவரும் கேட்டிருப்பார்தானே. முப்பத்தோரு வருஷம் என் பொய், என் பொய் என்று சுமந்துகொண்டு திரிந்தேனே, அது என்னுடையதே இல்லையா? அம்மா அவனுக்குப் போர்த்திவிட்ட துணியா அது, நடுவில் நான் வந்து அதை எடுத்துக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் உலாத்தினேனா? இப்போது உதறிவிட்டால் யார் மேலிருந்து உதறுவது, என் மேலிருந்தா, அவன் மேலிருந்தா? அம்மா ஒருத்தியாகவே இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், நான் விருது வாங்கின ஒவ்வொரு தடவையும் முன் வரிசையில் உட்கார்ந்து தட்டியிருக்கிறாள், எதற்குத் தட்டினாள்... கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவர் விரல்களைத் தூக்கினார், ஐந்து, நான்கு, ஒவ்வொன்றாக மடக்கினார், சிவப்பு விளக்கு எரிந்தது. தொகுப்பாளினிப் பெண் முகத்தைச் சரிபண்ணிக்கொண்டு, முதல் தடவை கேட்கிற மாதிரியே கேட்டாள், அந்தப் பேரைப் படிக்கிறப்ப உங்க மனசுல என்னக்கா ஓடுச்சு?

வாயைத் திறந்தாள். அவனைத் தெரிஞ்ச ஒருத்தி. அவனுக்கு அம்மா இருந்தாள், போய்ச் சொன்னாள், பேப்பரில் வந்தது, அவனுக்கு ஓர் அக்கா கிடைத்தாள். மற்ற பத்துப் பேர்? அந்தப் பத்து வீட்டிலும் யாரோ எதிர்க்கடையில் நின்று கேட்டிருப்பார்களே, அவர்களும் என் வாயால்தானே கேட்டார்கள், அவர்களுக்காக யார் போய் என்ன சொன்னார்கள்? ஐந்தாவது பேர் யாருடையது? பத்து நிமிஷம் கூட ஆகவில்லை, இதே இடத்தில் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு, அந்த நாடாவை முழுசாகக் கேட்டாள். நான்காவது பேர் போனதும் காது மூடிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது. ஆணா, பெண்ணா, என்ன வயசு? அக்கா? என்றாள் தொகுப்பாளினி. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள், ஐந்தாவது பேர், ஐந்தாவது பேர் என்ன...